தும்மலுக்குப் பிறகு டிரம்

ஒரு பல்லை மெழுகில் நிறுத்துவார். உடனே கத்திப் பிடியால் மேசை விளிம்பில் ஒரு தாளம் போடுவார். பிறகுதான் அடுத்த பல். பல்செட்காரரின் பட்டறை அலமாரியில் கேசட் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போதும் ஒரே கேசட்தான்.

பெயர் போன அந்த ராக் குழு எத்தனையோ ஆல்பங்கள் போட்டிருக்கிறது. அவற்றில் உலகமெங்கும் அதிகம் விற்றதுதான் இந்தக் கேசட்டில் இருப்பது. மற்றவற்றை அவர் தொட்டதில்லை. “இதையே இன்னும் முழுசா கேட்டு முடிக்கல,” என்பார். கேட்பவருக்கு முதலில் இது சோம்பல் என்றே படும். ஒரே பொருளிடம் திரும்பத் திரும்பப் போவதும் ஒரு வகை ஆராய்ச்சிதான் என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவர் வாயில் முன்பல் ஒன்று இல்லை. “ஊர்ப் பல்லுக்கே நேரம் பத்தல,” என்று சொல்லிச் சிரிப்பார். சிரிக்கும்போது வலது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும்.

விடுமுறை நாட்களில் மச்சினனின் கார் ஷெட்டில் ஒத்திகை. இவர் டிரம், மச்சினன் கிட்டார், மச்சினன் மகள் கீபோர்டு. பாடுகிறவர் தபால்காரர், அவர் வாயில் இருப்பது இவர் செய்த செட். சுருதி விலகினால், “செட்டு இடிக்குதுங்க,” என்று பழியை இவர் தலையில் கட்டிவிடுவார்.

நகர மன்ற அரங்கில் முழு ஆல்பத்தையும் வாசிக்க நாள் குறித்தாயிற்று. சிக்கல், இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டில் வந்தது. கீபோர்டு மெல்லத் தேய்ந்து அடங்கும், ஒரு மௌனம், அதை உடைத்துக்கொண்டு டிரம் மட்டும் விழ வேண்டும். இவரோ குச்சிகளைத் தூக்கியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“என்ன மாமா, தூங்கிட்டீங்களா?”

“தும்மல் வரட்டும்டா.”

“எந்தத் தும்மல்?”

“டிரம்மர் தும்முவாரே. அதுக்கப்புறம்தானே அடி.”

மச்சினன் செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினார். தும்மல் இல்லை. மறுபடி போட்டார். இல்லை. தபால்காரர் செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீ கொண்டுவந்த பல்செட்காரரின் மனைவி தட்டைக் கீழே வைத்தார்.

“அது நான் தும்மினது.”

மணமாவதற்கு முன் கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து வீடு. ரெக்கார்டு பிளேயர் பெண் வீட்டில் இருந்தது. அதன் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, யாரும் மூச்சுகூட விடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு இவர் பதிவு செய்த கேசட் அது.

“இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே?”

“வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அந்த ஆளு தும்மினதப் பெருமையா சொல்லிட்டிருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.”

அதன்பின் பல்செட்காரர் தும்மலை விட்டுவிட்டு, மௌனத்தின் நீளத்தை மனசுக்குள் எண்ணி அடித்துப் பார்த்தார். முந்தினார், பிந்தினார், ஒருமுறையும் அமையவில்லை.

“அந்தப் பாட்ட விட்டுடலாம் மாமா,” என்றார் மச்சினன்.

“ஒரு பல்லு கொறஞ்சா அது செட்டாடா?”

மச்சினன் அவர் வாயையே பார்த்தார். வலது கை மேலே போயிற்று.

அரங்கு நிறைந்திருந்தது. அந்தப் பாட்டு வந்தது. கீபோர்டு தேய்ந்து அடங்கியது. குச்சிகள் அந்தரத்தில் நின்றன. மச்சினன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். முதல் வரிசையில் பல்செட்காரரின் மனைவி, தயாராக வைத்திருந்த கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோய், கடைசி வரிசைவரை கேட்கும்படி ஒரு தும்மல் போட்டார்.

அடி விழுந்தது, விழ வேண்டிய இடத்தில். தபால்காரர் துள்ளிக்கொண்டு பாட்டை எடுத்தார். பல்செட்காரருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. மூடிக்கொள்ளக் கை இல்லை. இரண்டும் வேலையாக இருந்தன. பல் போன இடம் விளக்கொளியில் நன்றாகத் தெரிய, முதல் வரிசையைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தபடி அடித்துக்கொண்டே இருந்தார்.