வெள்ளம் ஆகாத செடி

கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மலையாளச் சீமையில் கரமனைக்கு வந்த புதிதில், என் கணவர் பொன்முடியிலிருந்து ஒரு செடி கொண்டுவந்தார். தேயிலைத் தோட்டத்துத் துரை வீட்டில் வளர்ந்த மலைச்செடி. பெயர் வாயில் நுழையவில்லை. இலை ஒவ்வொன்றும் கை விரித்த மாதிரி ஐந்தாகப் பிரிந்திருந்தது. மஞ்சளாகப் பூக்குமாம்.

"நல்ல வெயில் வேணும். மண்ணில பாதி கல்லும் மணலுமா இருக்கணும். எரு போடப்படாது. வெள்ளம் மட்டும் அதுக்கு ஆகவே ஆகாது" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார்.

எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் காவேரி கரையை உடைத்துக்கொண்டு வருவது. இங்கேயும் தெருக்கோடியில் ஆறு ஓடுகிறது. மனுஷர் முன்யோசனையோடுதான் சொல்கிறார் என்று நினைத்தேன். ஜல்லியும் மணலும் கலந்து தொட்டியில் நட்டு, ஏணி போட்டு ஏறி, கொல்லை மதில்மேல் வைத்தேன். ஆறு எத்தனை பெருகினாலும் அங்கே எட்டாது. காலையும் மாலையும் அதே ஏணியில் ஏறிக் குடம் குடமாக ஜலம் விட்டேன்.

செடி வேரோடு அழுகிப்போயிற்று.

"வெள்ளம் ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று குதித்தார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் ஜலம்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாள் முழுக்க ஆபீசில் மலையாளம் பேசுகிறவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதையும் கழற்றிவிட்டு வந்திருக்கலாம்.

மறுநாள் சாயந்திரம் ஆபீசிலிருந்து வந்து உட்கார்ந்தவர், "குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் கொண்டா" என்றார்.

ஆறு இருக்கும் திசையைக் காட்டினேன்.