ஆளுக்கொரு காது

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மனு எழுதத் தெரியாமல் வருகிறவர்களுக்கு டைப் அடித்தும் கொடுப்பேன். பக்கத்துக் கடை செல்போன் கடை. 2009-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவன்தான் தமிழழகன். அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. ஒல்லியாக இருப்பான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். நான்தான் வலியப் பேசிப் பழகினேன். ஒரு மாதம் கழித்து என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தான்.

பன்னிரண்டாவது முடித்ததும் பெங்களூருக்குப் போய் ஒரு பாரில் மேசை துடைத்திருக்கிறான். அவன் அப்பா அம்மாசி கரும்பு லோடு ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்துவிட்டதால் ஊருக்குத் திரும்பிவிட்டான். பெங்களூரிலிருந்து அவன் கொண்டுவந்த ஒரே விஷயம் பழைய இங்கிலீஷ் ராக் பாட்டுகள். அந்த பாரில் வாராவாரம் நான்கு பேர் வந்து வாசிப்பார்களாம்.

"மொத வாரம் தலவலிதாங்க்கா வந்துச்சு. ரெண்டாவது வாரம் ஒருத்தரு கிட்டாரை ஒரு இழுப்பு இழுத்தாரு பாருங்க, நான் கைல இருந்த தட்டெ அப்டியே புடிச்சிக்கினு நின்னுட்டேன். மேனேஜரு வந்து திட்டுனதுகூடக் காதுல ஏறல" என்று ஒருமுறை சொன்னான்.

அந்தக் காலத்தில் செல்போன் கடைகளுக்கு மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதுதான் பெரிய வியாபாரம். நாள் முழுக்கக் குத்துப்பாட்டும் சாமிப்பாட்டும் ஏற்றிக்கொண்டிருப்பான். கூட்டம் இல்லாத மத்தியானங்களில், தனக்கென்று கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் சேர்த்து வைத்திருந்த ராக் பாட்டுகளைச் சின்னச் சத்தத்தில் வைத்துக் கேட்பான். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட மறந்துபோய் உட்கார்ந்திருப்பான்.

அப்படி ஒரு மத்தியானம்தான் அய்யப்பன் வந்தான். உடைந்த டிஸ்ப்ளேயை மாற்ற வந்தவன், போனை நீட்டிய கையோடு நின்றுவிட்டான்.

"இது இன்னா பாட்டுன்னு தெரிஞ்சி போட்டிருக்கியா, சும்மா போட்டிருக்கியா?"

"தெரிஞ்சிதான் சார். இப்ப டிரம்ஸ் நிக்கும் பாருங்க. ஆறு எண்ணுனா திரும்பக் கிட்டாரு வரும்."

"ஆறு இல்ல, ஏழு."

பந்தயம் கட்டியதுபோலத் திரும்ப வைத்துக் கேட்டார்கள். இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணினார்கள். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் கிட்டார் வந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். தமிழழகன் சத்தம் போட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நீ எந்த ஊரு?" என்று அய்யப்பன் கேட்டான்.

தமிழழகன் சொன்னான். வடக்கனந்தலுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு ஊர். அய்யப்பன் போனை மேசைமேல் வைத்தான். பிறகு, "நானும் அதே ஊருதான்" என்றான்.

"தெரியும் சார். செல்லமுத்து அய்யா வூடு. எங்கப்பா ஒங்க நெலத்துல கரும்பு வெட்டியிருக்காரு."

ஒரே ஊர்தான். அய்யப்பன் ஊர்த்தெரு, தமிழழகன் காலனி. நடுவில் தார்ரோடு. அடுத்தடுத்த வயதுக்காரர்கள், ஒரே பள்ளிக்கூடத்தில்கூடப் படித்திருக்கலாம். ஆனால் அய்யப்பனைச் சின்னசேலத்தில் தனியார் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு அப்பாவோடு கரும்பும் மரவள்ளியும் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பாட்டுகளை அவன் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ஒரு சீனியரிடம் பிடித்துக்கொண்டானாம். ஹாஸ்டலை விட்டு வந்த பிறகு அதைப் பற்றிப் பேச அவனுக்கு ஓர் ஆள்கூடக் கிடையாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் அய்யப்பன் வருவான். ஒரே இயர்போனில் ஆளுக்கொரு காது மாட்டிக்கொண்டு கடை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்கள். அய்யப்பனுக்கு இங்கிலீஷ் தெரியும். பாட்டு வரிகளைத் தேடி எடுத்து என் கடையில்தான் பிரிண்ட் போடுவான். ஒவ்வொரு வரிக்குக் கீழும் தமிழில் அர்த்தம் எழுதித் தமிழழகனிடம் கொடுப்பான். தமிழழகனுக்கு வரிகள் முக்கியமில்லை. எந்த இடத்தில் இரண்டாவது கிட்டார் சேருகிறது, எந்த இடத்தில் அடித்தொனி பேஸ் கிட்டார் மட்டும் தனியாக நடக்கிறது என்று விரலால் மேசையில் தட்டிக் காட்டுவான். இரண்டு பேரும் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே, எங்கேயோ கடல் தாண்டிப் பாடி வைத்த பாட்டுகள். அதற்காக இவர்கள் இங்கே சண்டை போடுவார்கள். சார் போய் அய்யப்பா ஆனது. தமிழழகன் போய்த் தமிழு ஆனது.

ஒருநாள் சின்னசேலத்தில் ரயில் ஏறிச் சேலம் போய், பழைய கிட்டார் ஒன்றைக் கூட்டாக வாங்கி வந்தார்கள். அதை எங்கே வைப்பது என்பதில் சிக்கல் வந்தது. அய்யப்பன் வீட்டில் வைத்தால், யாரோடு சேர்ந்து வாங்கினாய் என்று கேட்பார்கள். தமிழழகன் வீட்டில் அப்பா படுத்திருக்கிற கட்டிலைப் போட்டதுபோக இடமில்லை. கடைசியில் என் கடைப் பரணில் வைத்தார்கள். அய்யப்பனின் விரல் கடைசிவரை வளையவில்லை. தமிழழகன் ஆறே மாதத்தில் ஒரு முழுப்பாட்டை வாசித்தான். அய்யப்பன் அவன் முதுகில் ஓங்கி அடித்து, "டேய், நீ இங்க இருக்கவேண்டிய ஆளே இல்லடா" என்றான்.

சாயந்திரம் இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில்தான் ஊருக்குப் போவார்கள். அய்யப்பன் முன்படி, தமிழழகன் பின்படி. ஊரில் இறங்கினால் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ரோட்டின் இரண்டு பக்கம் நடப்பார்கள். அப்படிச் செய்யலாம் என்று அவர்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை என்று தமிழழகன் சொன்னான். "மொத நாளே அப்டித்தாங்க்கா நடந்துச்சு. அப்புறம் அதே பழக்கம் ஆயிடுச்சு."

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரே பைக்கில் கல்வராயன் மலைக்குப் போயிருக்கிறார்கள். பெரியார் அருவிக்குக் கொஞ்சம் தள்ளி, பாறைமேல் சின்ன ஸ்பீக்கரை வைத்து, எட்டு நிமிடம் ஓடுகிற ஒரு பாட்டை முழுச்சத்தத்தில் கேட்டிருக்கிறார்கள். ஒரே பொட்டலத்தில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்களாம். அய்யப்பன் அவனை அன்றைக்கு மச்சான் என்று கூப்பிட்டானாம். மறுநாள் தமிழழகன் அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னான். ஊருக்குள் அந்த ஒரு வார்த்தைக்காகத் தலை உருண்டிருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

2015-இல் அய்யப்பனுக்குக் கல்யாணம் முடிவானது. பெண் சங்கராபுரம் பக்கம், பெயர் ராதிகா. கடைக்கே வந்து எனக்கும் தமிழழகனுக்கும் தனித்தனியாகப் பத்திரிகை வைத்தான். "கட்டாயம் வரணும் தமிழு. மண்டபம் டவுன்லதான்" என்றான்.

தமிழழகன் மூன்று மாதம் உட்கார்ந்து நூறு பாட்டுகளைப் பொறுக்கி, எதன்பின் எது வரவேண்டும் என்று வரிசைப்படுத்தி ஒரு பென் டிரைவில் ஏற்றினான். அதுதான் அவன் பரிசு. புதுச்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் மண்டபத்துக்குப் போனோம்.

மேடை ஏற வரிசையில் நின்றோம். தமிழழகன் எனக்கு முன்னால் நின்றான். அவன் கடைசிப் படியில் கால் வைத்தபோது, மாப்பிள்ளை பக்கத்தில் நின்றிருந்த அய்யப்பனின் அப்பா செல்லமுத்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இவன் அம்மாசி மவன் இல்ல? இவன் எதுக்கு மேல ஏறி வரான்?"

அய்யப்பன் முகம் வெளுத்துப்போனது. ஆனால் பதில் உடனே வந்தது.

"செல் கடைல வேல பாக்குறவன்ப்பா. லைட்டு பாக்க வந்திருக்கான்." பிறகு தமிழழகன் பக்கம் திரும்பி, "டேய், அந்த மூலைல சீரியல் லைட்டு எரியல பாரு" என்றான்.

தமிழழகன் அவனையே ஒரு நிமிடம் பார்த்தான். "சரிங்க" என்றான். கையில் எடுத்த பென் டிரைவைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேடையின் பக்கவாட்டில் இறங்கிப் போனான். உண்மையாகவே அந்த மூலையில் லைட் எரியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, ஒயரைப் பிரித்து முறுக்கிச் சரிசெய்தான். லைட் எரிந்தது.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் மேடை ஏறினேன். மொய்க்கவரைக் கொடுத்தேன். போட்டோவுக்குச் சிரித்தேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இலையை மடித்து எழுந்தபோதுதான் அவனைத் தேடினேன். அவன் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை அய்யப்பன் வந்தான். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். எல்லாம் கேட்டது.

"எங்கப்பா எதிர்ல நான் வேற இன்னா சொல்றது, நீயே சொல்லு."

"ஃப்ரெண்டுன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அங்கயே கலாட்டா ஆயிருக்கும். உன்னெ அடிச்சிருப்பாங்கடா."

"அடி வாங்கியிருப்பேன். ஒரு வாரத்துல ஆறியிருக்கும்."

தமிழழகன் மேசை டிராயரைத் திறந்தான். "வேற எதுனா வேல இருக்குதுங்களா? டெம்பர் கிளாஸ் மாத்தணும்னா குடுங்க, மாத்தித் தரேன்" என்றான்.

அந்த 'ங்க' எனக்கே சுருக்கென்று தைத்தது. ஐந்து வருடமாக அவன் வாயில் அய்யப்பனுக்கு அது வந்ததில்லை. அய்யப்பன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு தமிழழகன் அந்தப் பாட்டுகளை வைக்கவில்லை. முதலில் கோபம் என்றுதான் நினைத்தேன். மாதங்கள் போனபின் கேட்டேன். "வச்சிப் பாத்தேங்க்கா. எந்தப் பாட்டு வச்சாலும் அந்த மண்டபம்தான் வருது. பாட்டு இன்னா பண்ணும், பாவம்" என்றான். பரணில் கிட்டார் கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு சர்ச்சில் பாடகர் குழுவுக்குக் கேட்டார்கள் என்று அவனிடம் சொன்னேன். குடுத்துடுங்க என்றான். எடுத்துப் போகும்போது வெளியே வந்து பார்க்கவில்லை.

வாழ்க்கை நின்றுவிடவில்லை. முதலாளி கடையை விட்டுப் போனபோது அவனே எடுத்து நடத்த ஆரம்பித்தான். செவ்வந்தி என்ற பெண்ணைக் கட்டினான். ஒரு பெண் குழந்தை, தமிழ்மொழி என்று பெயர் வைத்தான். மெமரி கார்டு வியாபாரம் படுத்து, ரீசார்ஜும் கவரும் சார்ஜருமாகக் கடை மாறியது. அய்யப்பன் சந்துக்குள் வருவதே இல்லை.

2021-இல் அம்மாசி இறந்தார். பன்னிரண்டு வருடம் படுக்கையில் இருந்தவர். நான் காலனிக்குப் போனபோது பந்தலில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அடி நின்றது. திரும்பிப் பார்த்தேன். தார்ரோட்டைத் தாண்டி, கையில் மாலையோடு, அய்யப்பன் நடந்து வந்துகொண்டிருந்தான். அந்தப் பக்கம் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

தமிழழகனின் அம்மா ராஜாம்பாள், புருஷனின் தலைமாட்டிலிருந்து பதறி எழுந்துவிட்டாள். அழுகைகூட நின்றுபோனது.

"நீங்க எதுக்குமா எழுந்திரிக்கிறீங்க, உக்காருங்க" என்று அய்யப்பன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான். மாலையைப் போட்டான். மண்தரையில் உட்கார்ந்தான். செவ்வந்தி தயங்கித் தயங்கி டீ கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தான். சுடுகாடு வரை நடந்தான். தமிழழகன் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்போது மட்டும் அவன் தோளில் கையை வைத்து, உடனே எடுத்துவிட்டான்.

அதற்கு அய்யப்பன் கொடுத்த விலை கொஞ்சமில்லை. செல்லமுத்து அவனோடு பேச்சை நிறுத்தினார். பங்காளிகள் வீட்டு விசேஷத்துக்கு அழைக்கவில்லை. காரியம் முடிந்த அடுத்த வாரம் அவன் கடைக்கு வந்தான். இளைத்திருந்தான்.

"ஒரு பாட்டு கேக்கலாமா தமிழு?"

தமிழழகன் சரி என்றான். எங்கிருந்தோ ஒரு பழைய ஒயர் இயர்போனைத் தேடி எடுத்தான். ஆளுக்கொரு காது மாட்டிக்கொண்டார்கள். நான் வேலையை விட்டுவிட்டுத் தடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்குள் ஏதோ சரியாகப் போகிறது என்று ஓர் ஆசை. பாட்டு ஓடியது. மேசையில் தமிழழகன் விரல் அசையவில்லை. அய்யப்பனும் எதிலேயோ பார்வையை நிறுத்தி உட்கார்ந்திருந்தான். பாட்டு முடிந்தது.

"நல்லாருந்துச்சு இல்ல?" என்றான் அய்யப்பன். கண் கலங்கியிருந்தது.

"நல்லாருந்துச்சு" என்றான் தமிழழகன்.

அவன் போனபிறகு தமிழழகன் இயர்போனைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான். "காதுல சத்தம் வருதுங்க்கா. உள்ள போவல."

"இன்னும் அவன்மேல கோவமாப்பா?"

"கோவம் எப்பவோ போயிடுச்சுக்கா. அதான் கஷ்டமா இருக்குது. கோவம் இருந்தாக்கூடச் சண்ட போட்டுத் தீத்துக்கலாம்."

அடுத்த தையில் அய்யப்பன் ராதிகாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்குக் குடிபோய்விட்டான். அங்கே ஒரு டிராக்டர் ஷோரூமில் வேலை. ஊருக்கு வருவது குறைந்துவிட்டது. ஆனால் வாரத்துக்கு ஒன்று என்று தமிழழகன் போனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு லிங்க் அனுப்புகிறான். கீழே நான்கைந்து வரி எழுதுவான். இதில் மூன்றாவது நிமிடத்தில் வருகிற கிட்டாரைக் கேள், நாம் அன்றைக்குப் பேசினோமே அந்த ஆள்தான், என்று.

போன வாரம் நான் தமிழழகன் கடையில் சார்ஜர் வாங்க நின்றிருந்தபோது ஒன்று வந்தது. அய்யப்பன் எழுதியிருந்ததைத் தமிழழகன் படித்தான். லிங்க்கைத் தொடவில்லை. 'சூப்பர், அந்தக் கிட்டாரு செம' என்று டைப் அடித்து அனுப்பினான்.

"கேக்காமலே அனுப்புறியேப்பா" என்றேன்.

"சேலத்துல அவருக்கு இதெல்லாம் பேச யாருங்க்கா இருக்காங்க?" என்றான்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சார்ஜர் வேலை செய்கிறதா என்று பிளக்கில் மாட்டிப் பார்த்து என்னிடம் கொடுத்தான்.