கால் எடுத்தால் நிற்கும் வண்டி

என் தாய்மாமா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பர்மாப் பக்கம் வண்டி கவிழ்ந்து இடதுகால் முறிந்தது. எலும்பு கூடும்போது கொஞ்சம் குட்டையாகக் கூடிவிட்டது. நடந்தால் ஒரு பக்கம் சாய்ந்து, காலை இழுத்துத்தான் நடப்பார். ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் மட்டும் எந்தக் குறையும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, ஊருக்கு வந்த கையோடு, மிலிட்டரியில் கழித்து ஏலம் விட்ட பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, உப்பூரிலிருந்து ராமநாதபுரத்துக்குக் கருவாடு ஏற்றத் தொடங்கினார்.

மாமாவைவிட வண்டிக்குத்தான் நோய் அதிகம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். மறுபடி கிளப்ப, முன்னால் கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும். சுமை ஏற்றினாலோ இழுவையே இருக்காது. கண்மாய்க் கரை மேட்டில் ஏறும்போது மிதிக்க மிதிக்க வேகம் குறைந்துகொண்டே வரும். கருவாட்டுக் கூடைகளோடு ஏறிய பெண்கள் எல்லோரும் இறங்கி, அதை வாழ்த்தாத வார்த்தைகளால் வாழ்த்திக்கொண்டே தள்ளுவார்கள். மாமா இறங்க மாட்டார். காலை எடுத்தால் நின்றுவிடுமே.

அந்த வருஷம் தேவிபட்டினத்தில் மாமாவுக்கு ஒரு பெண் பார்க்க ஏற்பாடானது. அதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. காலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் மறைக்கவில்லை, முன்கூட்டியே சொல்லித்தான் விட்டார்கள். சொன்னபோது சரி என்றவர்கள், மாமா முற்றத்தைக் கடந்து நடந்து வருவதைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். இந்தத் தடவையாவது வழியில் நிற்காமல், மரியாதையாகப் போய் இறங்க வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

மாமா வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். முதலில் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். குணமில்லை. பிறகு பெட்ரோல் வரும் வழியைப் பிரித்துப் பார்த்தார். டாங்கிலிருந்து வந்த துரு, நடுவில் இருந்த சின்ன வடிகட்டியில் களிமண்ணாய் அப்பியிருந்தது. அதைக் கழுவி மாட்டியதும் வண்டிக்கு இழுவை வந்துவிட்டது. கண்மாய் மேட்டில் ஒரே மூச்சில் ஏறி இறங்கிக் காட்டினார். ஆனாலும் காலை எடுத்தால் நிற்பது நிற்கவில்லை.

மறுநாள் அம்மாவைப் பிடித்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். வண்டி தன்னைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாள். மாமா பீடியைத் தூர எறிந்துவிட்டு, கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோலை விட்டுக்கொண்டே வந்தார். ஒரு மூலையில் சொட்டு விழுந்ததும், இருமிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று ஒரு சீராக ஓடியது. அவர் முகம் மலர்ந்தது.

"இங்கனதான் காத்த இழுக்குதுக்கா" என்றார்.

கார்புரேட்டருக்கு அடியில் இருந்த அட்டை பொரிந்துபோய், அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சி வந்திருக்கிறது. கெட்டி அட்டை ஒன்றை அளவாக வெட்டி வைத்து முடுக்கினார். அதன்பின் அவர் இறங்கிப் போய், மோர் குடித்து, கை கழுவிக்கொண்டு வரும்வரை வண்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்று எங்கள் வீட்டில் அவரைவிடப் பெருமைப்பட்டது நான்தான்.

தேவிபட்டினம் போகும் வழியில் ஓரிடத்தில்கூட இருமல் இல்லை. பெண் வீட்டு வாசலில் நின்றதும் என் அய்யா, அம்மா, நான் எல்லோரும் இறங்கினோம். மாமா மட்டும் இன்ஜினை ஓடவிட்டபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வரவேற்க வந்த பெண்ணின் அப்பாவிடம், வண்டி தொல்லை பிடித்தது, காலை எடுத்தால் நின்றுவிடும், அக்காவும் அத்தானும் பார்த்தால் போதும் என்று சொன்னார்.

அதுதான் சரியாகிவிட்டதே என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தோளில் கிள்ளினாள். ஏன் கிள்ளினாள் என்று புரியாமல் அவள் பின்னால் உள்ளே போனேன்.

உள்ளே பலகாரம் வந்தது. வாசலில் இன்ஜின் ஓடும் சத்தம் எல்லோர் காதிலும் விழுந்துகொண்டிருந்தது. பெண் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். தட்டில் ஒரு டம்ளர் மிஞ்சியது. அவள் அதைப் பார்த்தாள், தன் அப்பாவைப் பார்த்தாள், பிறகு தட்டோடு நேரே வாசலுக்கு நடந்துவிட்டாள். அவளுடைய அப்பா பாதி எழுந்து, அப்படியே மறுபடி உட்கார்ந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மாமா இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டார். அவள் போகவில்லை. தலையைச் சாய்த்துச் சற்று நேரம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டாள். கதவு வழியாக உள்ளே எட்டி அவர் பாதத்தைப் பார்த்தாள். அது ஆக்சிலேட்டர் பக்கமே இல்லை.

"நல்லாத்தான ஓடுது" என்றாள்.

மாமா காதுவரை சிவந்துபோனார்.

"காலப் பத்தி எங்கய்யா சொன்னாக. அதுக்காகவா இங்கனயே உக்காந்திருக்கீக?"

மாமா மடமடவென்று காப்பியைக் குடித்தார். அவள் காலி டம்ளரை வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நிப்பாட்டிட்டு எறங்கி வாங்க. மெதுவாவே வாங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மாமா இன்ஜினை அணைத்தார். தெருவே அமைதியான மாதிரி இருந்தது. கதவைப் பிடித்து இறங்கி, சாய்ந்து சாய்ந்து, காலை இழுத்துக்கொண்டு அந்த முற்றத்தைக் கடந்தார். அவள் முந்திப் போகாமல் பக்கத்திலேயே நடந்துவந்தாள். நிலைப்படியில் நின்ற அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்த ஆவணியில் அவள் எனக்கு அத்தையானாள். ஆனால் அன்றைக்கு எனக்கு அவள்மேல் கடுங்கோபம். பொய் சொன்னதைக் கண்டுபிடித்து, மாமாவைக் கண்டித்து, ஊரார் பார்க்க இறங்கி நடக்க வைத்துவிட்டாள், அதனால்தான் அம்மா அழுதாள் என்று நினைத்தேன். ஊர் திரும்பும்போது மாமாவுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பாவாடை மடிப்பில் ஒளித்து வைத்திருந்த அதிரசத்தை எடுத்து, அவர் வாயில் ஊட்டிவிட்டேன்.

"விடுங்க மாமா, வேற நல்ல பொண்ணாப் பாப்போம்" என்றேன்.