திறந்ததும் மூடிக்கொண்ட ஃபோல்டர்

அத்திம்பேர் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி தோன்றும். ஏதோ கோளாறு, மூட வேண்டியிருக்கிறது, தொந்தரவுக்கு வருந்துகிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்லும். அந்த வருஷம் அந்த வீட்டுக்கு வந்து வருத்தம் தெரிவித்தவர்கள் ஏராளம். சொல்ல வந்ததை இரண்டு வரியில் சொல்லிவிட்டு உடனே கிளம்பியது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

அத்திம்பேர் என் அக்காவின் கணவர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, சின்னக் காஞ்சிபுரத்திலேயே இருந்தார். அவர்களுடைய ஒரே பிள்ளை பெங்களூரில் வேலை பார்த்தவன். மார்கழியில், ஊருக்கு வரும் வழியில், மோட்டார் சைக்கிளோடு லாரியில் மோதிப் போய்ச் சேர்ந்தான். கம்ப்யூட்டர் அவன் வாங்கிக் கொடுத்தது. அவன் கொடுத்துவிட்டுப் போன ஒரு சீடியில் போட்டோக்களும், கருட சேவையன்று சிநேகிதன் ஒருவன் எடுத்த வீடியோ ஒன்றும் இருந்தன. பெருமாளுக்கு முன்னால் பாசுரம் சொல்லிக்கொண்டு நடக்கிற கோஷ்டியில் அவனும் நின்று சொல்கிறான். போட்டோ எத்தனையோ இருந்தன. குரல் அது ஒன்றில்தான் இருந்தது. உயிரோடு இருக்கிற பிள்ளையின் வீடியோவை யார் அவசரமாகப் பார்க்கிறார்கள்? அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள். அவன் போன பிறகு அத்திம்பேர் சீடியிலிருந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்த்தார். பாதியில் அசையாமல் நின்றுவிட, சுவிட்சை அணைத்துப் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து அந்த ஃபோல்டரைத் திறந்தால் சாம்பல் பெட்டி வந்தது. எல்லாம் ஒரு கணம் மறைந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி வெறுந்திரை திரும்பி வந்தது.

கடைத்தெருவிலிருந்து வந்து பார்த்தவன், "வைரஸ் ஏறிக்கினு இருக்குது சார். ஃபார்மேட் பண்ணிட்டா மிஷின் சும்மா பறக்கும்பா. உள்ள இருக்கிறதுதான் போயிடும்" என்றானாம். அத்திம்பேர் அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்தார். எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடாது என்று தோன்றிய ஒருவனைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவன் நான்தான். அன்று முதல் சொந்தத்தில் யார் வீட்டு இயந்திரம் இருமினாலும் நான்தான் வைத்தியன். அணைத்துவிட்டுப் போடுவதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். அதை அத்திம்பேர் எனக்கு முன்பே செய்து பார்த்துவிட்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தோம். வைரஸ் தேடினேன், இல்லை. சின்னச் சின்னப் படங்களாகக் காட்டாதே, பெயர்களை மட்டும் காட்டு என்று மாற்றினேன். அப்போதும் மூடிக்கொண்டது. கடைசியில் கறுப்புத் திரையை வரவழைத்து, கட்டளைகளைத் தட்டி, ஒவ்வொரு கோப்பாக வேறு இடத்துக்கு மாற்றினேன். போட்டோக்கள் சாதுவாக வந்தன. வீடியோவை மாற்றியதும் பழைய ஃபோல்டர் ஒழுங்காகத் திறந்தது. அதில் எதுவும் இல்லை. வீடியோ போன இடம் மூடிக்கொள்ள ஆரம்பித்தது.

"அதுதான் அரைகுறையா நிக்கறது. தொட்டாலே இது மயக்கம் போட்டு விழறது. அழிச்சுட்டு சீடியிலேர்ந்து மறுபடி ஏத்திக்கலாம்" என்றேன். அந்த ஒரு நிமிஷம் நான் உண்மையிலேயே நிபுணனாக இருந்தேன்.

அத்திம்பேர் அலமாரியிலிருந்து சீடியை எடுத்து வந்தார். மேல் பக்கத்தில் அவன் கையெழுத்து, கறுப்பு மையில். திருப்பினேன். டிரைவ் படிக்கிற பளபளக்கிற பக்கத்தில் வட்டமாக, காய்ந்து இறுகிய சந்தனப் பொட்டுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் மணலாய் உதிர்ந்து கோடு கோடாகக் கீறிக்கொண்டே வந்தது. உள்ளே போட்டால் டிரைவ் உறுமியது, தயங்கியது, வெளியே தள்ளியது. மறுபடி போட்டேன். மறுபடி தள்ளியது.

அக்கா காப்பியோடு வந்தாள். சீடியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அந்த வருஷம் அவள் முகம் மலர்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"சரஸ்வதி பூஜைக்கு வச்சதாச்சே இது! புஸ்தகத்தோட இதையும் வையும்மான்னு அவன்தான் குடுத்தான். அவன் எழுத்து அழியப்படாதேன்னு அந்தப் பக்கம் தொடவே இல்லை. ஒண்ணும் எழுதாத பக்கமாப் பார்த்துத்தான் பொட்டு வச்சேன். ஏன்னா, வந்துடுத்தா? குழந்தை குரல் கேக்கறதா?"

நான் வாயைத் திறந்தேன். அத்திம்பேர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். வகுப்பில் தப்பாகப் பதில் சொல்லப்போகிற பையனை நிறுத்துகிற பிடி.

"வராது. நான்தான் தெரியாம எதையோ அமுக்கிட்டேன். இதுலயும் போச்சு, சீடியிலயும் போச்சு."

சீடியில் பதிந்ததை அப்படி அமுக்கி அழிக்க முடியாது. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அக்கா காப்பியை மேஜைமேல் வைத்தாள். "கணக்கு வாத்தியார்! ஊர்ப் பிள்ளைகள் தப்பையெல்லாம் சிவப்பு மையால சுழிச்சேளே. தெரியலைன்னா தொடாம இருக்கப்படாதா? அவனை இன்னொரு தரம் கொண்டுபோய்ட்டேளே" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அத்திம்பேர் காப்பியை ஆற்றாமல் குடித்தார்.

அதற்கப்புறம் அவர்கள் பேசிக்கொண்டார்கள்தான். தயிர் வாங்கணும், மாத்திரை போட்டாச்சா என்கிற அளவுக்கு. வருகிறவர்களிடமெல்லாம் அக்கா இந்தக் கதையைச் சொல்வாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, யாரோ செய்த தப்பைக் கேட்பதுபோல, "ஆமாம், என் பிசகுதான்" என்பார். ஒருமுறை அவரைத் தனியாகப் பிடித்து, சொல்லிவிடலாமே என்றேன். "என்னைத் திட்டினா அவளுக்குச் சாப்பாடு இறங்கறதுடா" என்றார். சில வருஷங்களில் அவரும் போய்விட்டார். கடைசி வரை மன்னிப்பு வரவில்லை. அவர் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

அக்கா இப்போது எங்களோடு இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் அண்மையில் தன் குழந்தையின் வீடியோவைப் போனில் காட்டினாள். அக்கா ஆசையாகப் பார்த்துவிட்டு, "பத்திரமா வச்சுக்கோ. உங்காத்துக்காரர் கையில மட்டும் குடுத்துடாதே. என் ஆத்துக்காரர் என் பிள்ளை குரலை அழிச்சார்" என்றாள். அந்தப் பெண் சங்கடத்தோடு என் பக்கம் திரும்பி, "அப்படியா மாமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. அவர்தான் அழிச்சார்" என்றேன்.