ஆட்டுப் பாட்டு

எனக்கு ஒன்பது வயதாக இருந்த அந்த வருடம், கெல்சென்கிர்ச்சனில் எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரே பாட்டுத்தான். நீச்சல் குளத்தில், ஐஸ்கிரீம் கடையில், துருக்கிக்காரரின் முடிவெட்டும் கடையில், ஏன், எங்கள் மேல்மாடியில் இருந்த, யாரைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஜெர்மன் கிழவரின் சமையலறையில்கூட. பாட்டு ஸ்பானிஷ். எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் அர்த்தம் தெரியாது, ஆனாலும் எல்லோரும் முழுதாகப் பாடினோம். அதற்கு முன்பு ஸ்பானிஷ் பாட்டு என்பது விடுமுறைக்கு மயோர்க்கா போய் வந்தவர்கள் ஒரு கிழமை முணுமுணுத்துவிட்டு மறந்துபோகிற சங்கதி. இப்போது வருடம் தவறாமல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்தோ கொலம்பியாவிலிருந்தோ யாராவது கிளம்பிவந்து ஐரோப்பாவை ஆட்டிவைக்கிறார்கள். என்னோடு பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் அந்தப் பாட்டுகளுக்காகவே ஸ்பானிஷ் வகுப்பில் சேர்கிறார்கள். எனக்கு மட்டும் அந்தத் தாளம் எங்கேயாவது கேட்டால் நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது. அதற்குக் காரணம் என் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. பீலெஃபெல்டில் ஒரு கேக் தொழிற்சாலையில் வேலை. கலியாணம் செய்யவில்லை. சனிக்கிழமை வந்தால், நசுங்கியதால் விற்பனைக்கு ஆகாத கேக்குகளை ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டு ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவரை மன்னாரிலிருந்து ஜெர்மனிக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அப்பாதான். இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகம், அதனால் அப்பா அவரைத் தம்பியாகப் பாதியும் மகனாகப் பாதியும் நடத்தினார். அப்பா வாயைத் திறக்க யோசிப்பவர். சித்தப்பா மூட யோசிப்பவர்.

ஒரு சனிக்கிழமை சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சித்தப்பா அறிவித்தார்: "எங்கட பைலாவைக் களவெடுத்துப் போட்டாங்கள்."

அந்த ஸ்பானிஷ்காரர் தன் பாட்டில் 'பைலா' என்கிறாராம். கடையில் சாமான் வாங்கிக்கொண்டு நின்றபோது காதால் கேட்டாராம். காசாளரிடமே சொல்லிவிட்டும் வந்திருக்கிறார், இது எங்கள் ஊர்ச் சாமான் என்று. மன்னார்க் கரையில் பெருநாளென்றாலும் கலியாணமென்றாலும் பைலா இல்லாமல் ஆட்டமில்லை. போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போனது அது. பிறகு சிங்களவரும் தமிழரும் தங்கள் தங்கள் பாஷையில் பாடி, தங்களுடையதென்றே நம்பிவிட்டார்கள். இதையெல்லாம் சித்தப்பா எனக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அப்பா அறைக்குள்ளிருந்து வந்தார்.

"அந்தச் சொல்லை இந்த வீட்டில எடுக்க வேண்டாம்" என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் சித்தப்பாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

நான் விடவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், கொலம்பியாக்காரத் தாய்க்குப் பிறந்த என் சிநேகிதியிடம் விசாரித்தேன். ஆடச் சொல்வதுதான் அந்தச் சொல் என்று அவள் ஜெர்மனில் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை பெருமையோடு சித்தப்பாவிடம் போனேன்.

"சித்தப்பா, பைலா எண்டால் ஆடு."

"எந்த ஆடு? மே எண்டு கத்துற ஆடோ?"

என் தமிழ் அந்தக் காலத்தில் அவ்வளவு நம்பிக்கைக்குரியதல்ல. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம்" என்றேன். சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் ஆட்டுப் பாட்டு. தடை விதிக்கப்பட்ட சொல்லுக்குப் பதிலாக ஒரு சொல்லும் கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு அந்த ஸ்பானிஷ் பாட்டோடு ஒரு கோபமும் இல்லை. வானொலியில் வந்தால் ஸ்டியரிங்கில் விரலால் தாளம்கூடப் போடுவார்.

என் முதல் நன்மைக் கொண்டாட்டத்தில் நானும் சித்தப்பாவும் சேர்ந்து ஆட்டுப் பாட்டுக்கு ஆடுவதாக ஒப்பந்தம். தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கியது ஏப்ரலில்தான், ஆனால் கொண்டாட மண்டபம் கிடைத்தது ஜூனில். அதுவரை சனிக்கிழமைகளில் சமையலறையில் பயிற்சி நடந்தது. சித்தப்பாவுக்குத் தெரிந்தது பைலா ஆட்டம் ஒன்றே. தோளைக் குலுக்கி, இடுப்பில் கட்டிய சாரத்தைத் தூக்கிப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் இடுப்புக்கருகில் வைத்து, குதித்துக் குதித்து ஆடவேண்டும். ஸ்பானிஷ் பாட்டோ மெதுவாக, ஆறுதலாக அசைந்து வருவது. பாட்டு ஒரு பக்கம் போக, சித்தப்பாவின் கால் இன்னொரு பக்கம் போனது. அம்மா அடுப்படியில் நின்று, "பாட்டைப் பாத்து ஆடுங்கோ தம்பி" என்று சொல்லிப் பார்த்தார். பாட்டுத்தான் பிழை என்று சித்தப்பா சாதித்தார்.

தேவாலயத்தோடு சேர்ந்த மண்டபம். ஏப்ரலில் போட்ட அதே வெள்ளைச் சட்டையையும் பூமுடியையும் மறுபடி போட்டுக்கொண்டு, அன்றைக்கு நான் ஒரு ராணி. எங்கள் ஆட்கள், அப்பாவோடு வேலை செய்யும் ஜெர்மன்காரர்கள், ஃபாதர், என் சிநேகிதியும் அவளுடைய அம்மாவும் என்று மண்டபம் நிறைந்திருந்தது. டிஜே பொடியன் ஸ்பானிஷ் பாட்டைப் போட்டதும் நானும் சித்தப்பாவும் நடுவில் இறங்கினோம். முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கொலம்பியா அம்மா இடுப்பை அசைத்து ஒருவிதமாக ஆட, எங்கள் மாமிமார் அதைப் பார்த்து ஆட, ஃபாதர் கை தட்டினார். அப்பாவும் தட்டினார். அப்பா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன்பு கண்டதில்லை. அதை நினைக்கும்போதுதான் எனக்கு இப்போதும் தாங்கமுடியாமல் இருக்கிறது.

பாட்டு முடிந்தது. சித்தப்பாவுக்கு அந்தச் சந்தோசம் போதவில்லை. டிஜேயிடம் ஓடிப்போய்த் தன் கைபேசியைக் கொடுத்துவிட்டு, மைக்கை வாங்கினார்.

"இனி அசல் ஆட்டுப் பாட்டு" என்றார்.

அது பைலா. பழைய, சிங்களப் பைலா. சித்தப்பா ஓடிவந்து என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு குதித்தார். இந்த முறை பாட்டும் காலும் ஒன்றாகவே போயின. மேலிருந்து பார்த்தபோது அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. எங்களோடு ஆட வருகிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் எங்களைத் தாண்டிப்போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

"அண்ணை, என்ன இது? பாட்டுத்தானே."

"உனக்கு என்னடா தெரியும்" என்றார் அப்பா. எல்லோர் முன்னாலும்.

சித்தப்பா என்னை இறக்கிவிட்டார். இறக்கிய அவசரத்தில் என் பூமுடி விழுந்து, யாரோ அதில் மிதித்துவிட்டார்கள். நான் அதைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது சித்தப்பா ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். சாப்பிடவுமில்லை.

அதன்பிறகு சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. பூமுடி உடைந்ததால்தான் இருவருக்கும் கோபம் என்று கனகாலம் நம்பியிருந்தேன். அம்மா விசயத்தைச் சொன்னது நான் நன்றாக வளர்ந்த பிறகு. அப்பாவுக்கு ஒரு அண்ணா இருந்தார், என் பெரியப்பா. மன்னாரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துக்கொண்டு போனது. அப்பா அப்போது பொடியன். முகாம் வாசலில் நாள்கணக்காக நின்றார். உள்ளே ஸ்பீக்கரில் பைலா போட்டுச் சிப்பாய்கள் ஆடிக்கொண்டிருந்தார்களாம். நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அந்தப் பாட்டுக்கு நடுவில்தான் அவரைத் திருப்பி அனுப்பினார்களாம். பெரியப்பா வரவேயில்லை. முகாம் வாசலில் நடந்ததை அப்பா தம்பியிடம் ஒருபோதும் சொன்னதில்லை. சின்னப் பொடியன், அவனுக்கு எதற்கு என்று விட்டிருக்கிறார்.

இப்போது நான் பீலெஃபெல்டில் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா வீட்டில்தான் சாப்பாடு. அன்றைக்கு ஏன் அந்தப் பாட்டைப் போட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கோயில் பெருநாளுக்குப் பெரியண்ணை என்னைத் தோளில வைச்சுக்கொண்டு பைலா ஆடினவர். அவற்ற முகம் எனக்கு நினைவில்லைப் பிள்ளை. தோள் நினைவிருக்கு."

அவரிடம் அப்பாவின் கதையைச் சொன்னேன். அப்பாவிடம் அவருடைய கதையைச் சொன்னேன். சித்தப்பா தண்ணீர்க் குழாயை மூட மறந்து நின்றார். அப்பா, "அவனுக்கு அது நினைவிருக்கோ?" என்று கேட்டுவிட்டுப் பல்கனிக்குப் போனார். ஆனால் அதைப்பற்றி ஒருவரோடொருவர் கதைக்கச் சொன்னால் இருவரும் பேசிவைத்ததுபோல ஒரே பதில்தான்: இனி என்னத்தைக் கதைக்கிறது. நத்தார்ப் பண்டிகைக்குத் தொலைபேசியில் முழங்கால் வலியையும் பனியையும் பற்றி விசாரித்துக்கொள்கிறார்கள். அண்ணனை இழந்த இரண்டு பேர், ஒரே பாட்டை நடுவில் வைத்துக்கொண்டு இத்தனை வருடத்தை வீணாக்கிவிட்டார்கள் என்பதுதான் என் துக்கம்.

கொண்டாட்டத்துக்கு மறுநாள் காலை நான் எழும்பிவந்தபோது, அப்பா சமையலறை மேசையருகில் உட்கார்ந்து என் பூமுடியிலிருந்து கழன்ற துணிப்பூக்களைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டியது திரும்பக் கழன்றது. அவருடைய கண்கள் சிவந்திருந்தன. ஒரு பூமுடிக்காக இவ்வளவு அழுகிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"அழாதேங்கோ அப்பா" என்றேன். "வேறை ஒண்டு வாங்கலாம்."

அவர் பசைப் போத்தலை மூடிவைத்தார்.

"ஓம் குஞ்சு, வாங்கலாம்" என்றார்.

பிரச்சினை அதோடு தீர்ந்ததென்று போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். சித்தப்பா கொண்டுவந்த நசுங்கின கேக்கில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. சனிக்கிழமை புதிதாகக் கொண்டுவருவார்தானே என்று அதையும் தின்று முடித்தேன்.