அப்பா கையில் கட்டிய வாட்ச்

போன வருடம், மழைக்காலம் முடிந்த சமயம். நான் லாஸ்பேட்டையில் கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு முத்தியால்பேட்டையில். சில மாதங்களுக்கு முன்புதான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் விழுந்திருந்தன. பேச்சு மட்டும் தப்பித்தது. தப்பித்தது என்ன, இரண்டு மடங்கானது.

காலுக்கு மெல்லத் தெம்பு திரும்பியது. ஊன்றுகோலுடன் வாசல் வரை நடப்பார். கைதான் அப்படியே கிடந்தது. துணிக் கிளிப்பை இடது விரல்களால் அழுத்திப் பழகச் சொல்லியிருந்தார் பிசியோதெரபி டாக்டர். நான் எதிரில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை" என்றால் போதும், கிளிப் பறக்கும். "நீ எழுந்து போ, நான் செய்யறேன்" என்பார். செய்வார் என்று நான் நம்பவில்லை.

எனக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் நிம்மதி. நடையையும் நாடித் துடிப்பையும் என் போனுக்கு அனுப்பும் வாட்ச் ஒன்றை வாங்கி, அப்பாவின் இடது கையில் கட்டினேன். மறுநாளே வலது கையால் கழற்றி டிவி பக்கத்தில் வைத்துவிட்டார். திரும்பக் கட்டினேன், திரும்பக் கழற்றினார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வாட்சை வலது கைக்கு மாற்றினேன். இனி கழற்ற வேண்டுமென்றால் இடது விரல்கள் வேலை செய்ய வேண்டுமே!

"என்னா பாப்பா, வெலங்கா?" என்றார் அப்பா.

"ஆமா" என்றேன், பெருமையாக.

அதற்கப்புறம் வகுப்பில் உட்கார்ந்தபடியே அப்பா எழுந்தாரா, நடந்தாரா என்று பார்த்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை. அம்மா தவளக்குப்பத்துக்கு வளைகாப்புக்குப் போயிருந்தார். நான் ப்ராஜெக்ட் வேலையாகக் கல்லூரியில் இருந்தேன். சாயங்காலம் போனைத் திறந்தால், அப்பாவின் துடிப்பைக் காட்டும் கோடு நின்றுபோயிருந்தது. வாட்சில் சார்ஜ் நிறைய இருந்தது. அசைவு இல்லை, துடிப்பும் இல்லை. அப்பாவுக்குப் போன் செய்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. பக்கவாதம் இரண்டாவது முறையும் வரலாம் என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். கழற்றி வைத்திருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொள்ளக்கூட வழியில்லை. அந்த வழியை அடைத்ததே நான்தான்.

ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று இன்றும் தெரியாது.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கட்டிலில் அப்பாவின் போன் மட்டும் கிடந்தது. பாத்ரூம் காலி. டிவி பக்கத்தில் வாட்ச். அதைப் பார்த்ததும் பயம் இன்னும் கூடிவிட்டது. கழற்றியது யார்? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களா? வாட்சைக் கையில் இறுக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

தெருமுனைத் திடலிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். இரும்பும் இரும்பும் மோதும் சத்தம். பின்னாலேயே ஒரு சிரிப்பு. அப்பாவின் சிரிப்பு!

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனதில் எங்கள் தெரு விடாமல் பிடித்துக்கொண்டது பெத்தாங்க் ஆட்டத்தைத்தான். ஒரு சின்ன மரக்குண்டைப் போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் இரும்புக் குண்டை யார் எறிந்து நிறுத்துவது என்பதுதான் போட்டி. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையில் குண்டோடு குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லாம ஏம்ப்பா வந்த?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

"சொன்னா உட்டுடுவியா நீ?"

அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் திரும்பினார். "வாம்மா ஜெயிலரு. உங்கப்பன நாந்தான் ஜாமீன்ல கூட்டியாந்தேன். ரெண்டு ஆட்டம் ஆடிட்டு வரட்டும்."

நான் சிரிக்கவில்லை. "வாட்ச யாருப்பா கழட்டனது?"

"நாந்தான். குண்டு போடறப்ப இடிக்குது."

"பல்லால கடிச்சியா?"

"இருக்கறதே நாலு பல்லு. அத வெச்சு வாரக் கடிக்கவா?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாட்சை அவர் வலது கையில் மறுபடி கட்டினேன். "எங்க, கழட்டு பாக்கலாம்."

ஆட்டம் நின்றது. மடியில் கிடந்த இடது கை மெதுவாக மேலே வந்தது. கட்டைவிரல் வாரைத் தொட்டு வழுக்கியது. மறுபடி வழுக்கியது. "அவசரப்படாத மச்சான்" என்றார் கூட்டாளி, ஏதோ கடைசிக் குண்டைப் போடப்போகிறவருக்குச் சொல்வதுபோல. ஆள்காட்டி விரல் வந்து கட்டைவிரலோடு சேர்ந்தது. இரண்டும் வாரின் நுனியைக் கிள்ளிப் பிடித்து இழுத்தன. கொக்கி விட்டது. வாட்ச் மடியில் விழுந்தது.

அப்பா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ மாட்டி உட்டதிலேர்ந்து இதே வேலதான்" என்றார் அப்புறம். "நீ காலேஜுக்குக் கெளம்பனதும் ஆரம்பிப்பேன். கிளிப்பு என்னா கிளிப்பு, அதுல ஒரு கோவம் வருதா? இத பாத்தாதான் கோவம் வருது."

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஓடி வந்த மூச்சு அப்போதுதான் அடங்கியது. அழுதுகொண்டே சிரித்தேன். கூட்டாளி என்னிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, "சரி சரி, யாரு ஆட்டம் இப்ப?" என்றார்.

வாட்ச் இப்போது எந்தக் கையில் என்பது அப்பாவின் இஷ்டம். கோடு நின்றுபோனால் இன்றைக்கும் முதலில் அப்பாவின் நம்பரைத்தான் தேடுகிறேன். பிறகு மடியிலிருந்து மெதுவாக எழுந்து வந்த அந்த இடது கை ஞாபகத்துக்கு வரும். போன் செய்வதற்கு முன் ஒரு ஆட்டம் முடிகிற நேரமாவது பொறுத்திருக்க இப்போது என்னால் முடிகிறது.