கடுக்காய் சேர்த்த குளியல் பொடி

என் கணவர் மேல் அடித்த வாடை எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் கழித்து இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில், மருந்துத் தண்ணீரில் சுற்றும் டிரம்மிலிருந்து ஈரத் தோல்களை வெளியே இழுத்துப் போடுவது அவர் வேலை. நான் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறவள். என் கைக்கு வருவதும் அதே தோல்தான். என்னிடம் வரும்போது அது குளித்து, காய்ந்து, பளபளவென்று இருக்கும். நாற்றமெல்லாம் அவரோடு நின்றுவிடும். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டில் கஞ்சி வாசனையோடு வளர்ந்த எனக்கு அது குமட்டியது. ஒரு நாள் முதல் பாயைத் தனியாகவே போட்டுக்கொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கம்பெனியில் மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து மிஷின்காரி செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். காபித்தூள், சர்க்கரை, தேங்காய் எண்ணெய் மூன்றையும் குழைத்து உடம்பில் தேய்த்தால் அழுக்கும் வாடையும் போய்விடுமாம். காபித்தூளை அப்படி வாரியிறைக்க எனக்கு மனசு வரவில்லை. நானே ஒரு பொடி அரைத்தேன். பாசிப்பயறு, பச்சரிசி, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு எல்லாவற்றையும் மாடியில் காயவைத்து, ரவை போல நறநறவென்று உடைத்தேன். கஸ்தூரி மஞ்சளை மட்டும் அவர் வேண்டாம் என்றார்.

"டேனரில கல்யாண மாப்பிள்ளைன்னு ஓட்டுவானுங்க."

வாரத்தில் ஆறு நாள் இருவருக்கும் ஓட்டமாக இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தேய்ப்பு. பின்பக்கம் துவைக்கிற கல்லில் அவரை உட்காரவைத்து, பொடியைத் தயிரில் குழைத்து, முதுகு, தோள், கை என்று வரிசையாகத் தேய்ப்பேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. சட்டி துலக்குவதுபோலத்தான் துலக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார். மூன்றாவது வாரம் வாடை கொஞ்சம் குறைந்தது போலத் தெரிந்தது. என் கைவண்ணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவருடைய புறங்கையும் முழங்கைக்குக் கீழேயும் சிவந்தன. அரிப்பு வந்தது, அரிப்புக்குப் பின்னால் நீர் வடிந்தது. டாக்டரிடம் போகலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ வேறு. இத்தனை வருடம் உள்ளே இறங்கிய மருந்தெல்லாம் இப்போது வெளியே வருகிறது என்று அவருக்கே பாடம் நடத்தினேன். நன்றாக இழுத்து வரட்டும் என்று கல்லுப்பையும் இடித்துச் சேர்த்தேன். வலிக்கிறதா என்று ஒருமுறை கேட்டதாக ஞாபகம். "ஒண்ணும் இல்ல, நீ தேய்" என்றார்.

நீர் வடிவது நிற்கவில்லை. புண்ணுக்குக் கடுக்காய் நல்லது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அவருடைய டேனரியில் மரப்பட்டை போட்டுத் தோல் ஊறவைக்கும் பகுதியில் கடுக்காய் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில் இருப்பதும் அதே காய்தான் என்று சொல்லி, ஒரு பிடி கொண்டுவரச் சொன்னேன். டிபன் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். அதையும் இடித்துக் கலந்தேன். இரண்டே வாரத்தில் நீர் நின்றது. தோல் இறுகிப் பழுப்பாகிவிட்டது. நான் ஷூ கம்பெனி முழுக்கப் பெருமை பேசினேன்.

ஒரு மாதத்துக்குள் அவரால் விரலை மடக்க முடியவில்லை. மடக்கினால் கணுவுக்குக் கணு வெடித்து ரத்தம் வந்தது. தோசையைப் பிய்க்க முடியாமல் ஸ்பூனால் குத்தித் தின்றார். ஈரத் தோல் கையிலிருந்து நழுவி நழுவி விழவே, சூப்பர்வைசர் கையைக் காட்டிவிட்டு வரும்படி அனுப்பிவிட்டார்.

வேலூரில் தோல் டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன போட்டீர்கள் என்றார். நான்தான் முந்திக்கொண்டு ஒப்பித்தேன், பயறு முதல் கடுக்காய் வரை, எல்லாம் இயற்கை என்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க எந்த ஊரும்மா?"

"ஆம்பூர்ங்க."

"ஆம்பூர்ல இருந்துக்கினு இது தெரியலையா? உப்பு, கடுக்காய், இதெல்லாம் செத்த தோலுக்குப் போட்றது."

டிரம்மில் போடுகிற குரோம் மருந்து அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அரிப்பு அதனால் வந்தது என்று விளக்கினார். நான் தேய்த்துத் தேய்த்து மேல்தோலை எடுத்துவிட்டதில் குரோம் இன்னும் சுலபமாக உள்ளே இறங்கியிருக்கிறது. இனி அவர் டிரம் பக்கமே போகக் கூடாது, கை பழையபடி ஆகுமா என்பதும் இப்போது சொல்ல முடியாது. உயிரோடு இருக்கிற மனுஷனை உட்காரவைத்து ஞாயிறு தவறாமல் பதனிட்டிருக்கிறேன். அந்த அறையில் என்னைவிட அசிங்கமான ஜென்மம் இல்லை என்று தோன்றியது.

திரும்பும்போது பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை மருந்து தடவித் துணி சுற்றியிருந்தார்கள். பள்ளிகொண்டா தாண்டியதும் கேட்டேன்.

"உப்பு போட்டப்ப எரியலையா?"

"எரிஞ்சிச்சி."

"கடுக்காய்க்கு?"

"அதுக்கு ஜாஸ்தி."

"சொல்றதுக்கு இன்னா? வாய் இல்லையா உங்களுக்கு?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா நிறுத்திடுவ. நீ என்னைத் தொட்றதே ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான்."

கண்டக்டர் வந்து போனார். சுற்றிய துணிக்கு மேலே கை வைக்கப்போய், பயந்து எடுத்துக்கொண்டேன். எங்கே தொட்டால் வலிக்காது என்று அவரிடமே கேட்டேன்.

துணி சுற்றிய இரண்டு கையையும் மடியில் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெர்ல" என்றார்.